செருப்பில்லாத இருவர்

"ஏம்மா ஸ்ம்ருதி, அக்கிரமம் பண்ண வந்தவன் அடியில பேப்பர் விரிச்சுக்கிட்டா பண்ணுவான்?"

கரோல் பாக்கின் குறுகலான ஒரு சந்தில், கறுப்பாகிக் கிடந்த சுவரின் காலடியில் குந்தியபடி ரத்தினவேல் கேட்டார். ராணுவப் போலீசில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் திருமங்கலம், பிழைப்பு டில்லி, தொழில் துப்பறிதல். தலையில் மங்கி குல்லா, கையில் வறுத்த வேர்க்கடலைப் பொட்டலம். டில்லிக் குளிரில் அவர் மூளை கடலை விழுந்தால்தான் ஓடும்.

"ஸ்வச்ச பாரத் வில்லனா இருப்பான் சார்," என்றாள் ஸ்ம்ருதி.

அவருடைய ஒரே உதவியாளர் அவள். சரோஜினி நகர் அரசுக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், படிக்கச் சொன்னால் கண் வலிக்கிறது என்பாள். வாய் மட்டும் எந்த மொழியிலும் ஓயாது. ஆனால் சார் சொன்னதில் விஷயம் இருந்தது. ஆளுயரத்துக்கு மேல் கறுப்பு அடித்திருந்த சுவரின் கீழே, தரையில் ஒரு சொட்டுக்கூட இல்லை. பக்கத்துத் துளசித் தொட்டியும் சுத்தமாக இருந்தது. சுவரும் தரையும் சேரும் இடத்தில் செய்தித்தாளின் கிழிந்த ஓரம் ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

முந்தாநாள் வரை அது டில்லியே வந்து பார்த்துப் போன சுவர். ஒரு கிடங்கின் நீண்ட பின்புறம். அதில் அந்தச் சந்தின் மனிதர்களையெல்லாம் ஆளுயரத்துக்கு வரைந்திருந்தாள் பூங்கோதை என்ற தெரு ஓவியர். கோடு அவளுடையது, வண்ணம் நிரப்பியது சந்துக்காரர்கள். பால்காரர் தன் முகத்துக்குத் தானே மீசை போட்டுக்கொண்டார் என்று பத்திரிகையில்கூட வந்தது. நேற்று விடிந்தபோது அத்தனை பேர் மீதும் கறுப்பு ஸ்ப்ரே. ஒரே ஒருத்தியைத் தவிர. செங்கல் நிறப் புடவையில், கையில் டிபன் கேரியருடன், வெறுங்காலோடு சிரித்துக்கொண்டு நின்ற அந்த அம்மாள் மீது ஒரு புள்ளிகூட விழவில்லை.

"கடலைத் தோலைக் கீழே போடாதேள்," என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

ராமசுப்ரமணியன். மத்திய அரசில் துணைச் செயலராக இருந்தவர். இப்போது சந்துக்காரர் சங்கத்தின் செயலர். துப்பறிய இவர்களை அழைத்தவரும் அவர்தான். சுவரில் சிரிக்கும் அனந்தலக்ஷ்மி அவருடைய மனைவி. இறந்து மூன்று வருஷம் ஆகிறது.

"பையிலதான் போடுறேன் சார்," என்று ரத்தினவேல் தன் கோட்டுப் பையைத் தட்டிக் காட்டினார். "பூங்கோதைதான் பண்ணுச்சுன்னு எல்லாரும் சொல்றாங்களாமே?"

"நான் சொல்லலே. மத்தவா சொல்றா." அவர் மனைவியின் படத்தைப் பார்க்காமல் எதிர்த் திசையில் பார்த்துப் பேசினார். "ஏதோ ஒரு ஹோட்டல்காரனுக்கு இந்தச் சுவர் வேணுமாம். படத்தோட அப்படியே பேர்த்து எடுத்துண்டு போய் வாசல் ஹால்ல நிறுத்தப் போறானாம். கேலரி நடத்தற அந்தக் காமினி கோஸ்லா பேசி முடிச்சா. கிடங்குச் சொந்தக்காரனும் சரின்னுட்டான். பூங்கோதை நம்ம சங்கக் கூட்டத்துல வந்து சத்தம் போட்டா. 'வெட்டி எடுக்கறதுக்கு முன்னாடி நானே கறுப்படிச்சுடுவேன்'னா. அம்பது பேர் கேட்டுண்டிருந்தா."

"அடிச்சது அவ பெயிண்ட்டா?"

"அவளோடதுதான். சங்க ரூம்ல வெச்சிருந்தா. சாவி அவகிட்ட ஒண்ணு, என்கிட்ட ஒண்ணு. அப்புறம், இவாளுக்குள்ள ஒரு விதி இருக்காம். தெருச் சுவர்ல படம் போடறவா, செத்தவா படத்து மேல பெயிண்ட் அடிக்க மாட்டாளாம். அனந்தலக்ஷ்மியை விட்டுட்டு மீதியை அடிச்சிருக்கிறதால, பண்ணினது அந்த ஜாதி ஆளுதான்னு எல்லாரும் தீர்மானம் பண்ணிட்டா. நேத்தே போலீஸுக்குப் போகணும்னா. நான்தான், எதுக்கும் ஒரு முறை இருக்கு, முதல்ல ஒரு என்கொயரி வைப்போம்னு நிறுத்தி வெச்சேன். இன்னிக்கு சாயங்காலம் கூட்டம். உங்களுக்கு நாள் போறலைன்னா சொல்லுங்கோ, தள்ளி வெச்சுடலாம்."

"எதுக்குத் தள்ளணும்? சாயங்காலத்துக்குள்ள முடிச்சிருவோம்," என்றார் ரத்தினவேல்.

ராமசுப்ரமணியனின் முகத்தில் மகிழ்ச்சி தெரியவில்லை. பெரிய அதிகாரிகள் மகிழ்ச்சியைக் காட்ட மாட்டார்கள் போலும் என்று நினைத்துக்கொண்டாள் ஸ்ம்ருதி.

சங்க அறையில் பெயிண்ட் கேன்கள் அலமாரித் தட்டில் உயர வரிசைப்படி நின்றன. கறுப்பு மட்டும் ஐந்து, காலி. ரத்தினவேல் ஒன்றை எடுத்து அமுக்கினார். மூச்சுகூட வரவில்லை. அடுத்ததும் அப்படியே. ஐந்தின் ஸ்ப்ரே மூக்குகளும் காய்ந்த கறுப்பால் அடைத்துப் போயிருந்தன. மற்ற வண்ணக் கேன்களை அமுக்கினால் உடனே சீறின.

"அச்சா சார், கறுப்புக்கு மட்டும் ஜலதோஷம்," என்றாள் ஸ்ம்ருதி.

அவர் சிரிக்கவில்லை. குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு, "கேலரிக்குப் போவோம்," என்றார்.

*

லாடோ சராயில் இருந்தது அந்தக் கேலரி. பெயர் 'நீல் தர்வாஸா', அதாவது நீலக் கதவு. கதவு மட்டும் பச்சை. உள்ளே பூங்கோதையின் முதல் கண்காட்சி மறுநாள் மாலை திறக்க இருந்தது. பத்து பெரிய கேன்வாஸ்கள், நடுச் சுவரில் கரோல் பாக் சுவரின் பிரமாண்டமான புகைப்படம். கறுப்பாவதற்கு முன் எடுத்தது.

காமினி கோஸ்லா ஹிந்தியில் வரவேற்றாள், ஹிந்தியிலேயே கவலைப்பட்டாள். "என்ன கொடுமை பாருங்க ஜி! நேத்துலேர்ந்து போன் நிக்கலை. நாளைக்கு இந்த இடம் கொள்ளாது." கவலைப்படுகிறவள் வாய் அவ்வளவு தூரம் விரியாது என்று ஸ்ம்ருதிக்குத் தோன்றியது. சுவர் போனால் சுவரின் படத்துக்கு மவுசு கூடும். இவளே ஆளை வைத்து அடித்திருந்தால்?

ரத்தினவேலுக்கும் அந்தச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். "ஹோட்டல் பேச்சு என்னங்க ஆச்சு?" என்றார்.

"போச்சு." இந்த முறை அவள் முகம் உண்மையாகவே சுருங்கியது. "காலைல போன் பண்ணிட்டாங்க. கறுப்புச் சுவர் எதுக்கு, ராஜஸ்தான்லேர்ந்து ஒரு பளிங்கு யானை வாங்கிட்டோம்னு. எவ்வளவு பெரிய பேரம் தெரியுமா? பூங்கோதைகிட்ட இன்னும் சொல்லலை. சொன்னா அவ ஸ்வீட் வாங்கித் தருவா. ஒண்ணு சொல்லிடறேன். போலீஸ்ல அவ பேர் போச்சுன்னா இந்தப் பத்துப் படமும் இன்னிக்கே கீழே இறங்கும். சுவரைப் பாழாக்கினவளோட படத்தை எந்த வீட்டிலேயும் மாட்ட மாட்டாங்க."

"பளிங்கு யானைக்கு யாரும் கறுப்படிக்காம இருக்கணும்," என்று தமிழில் முணுமுணுத்தாள் ஸ்ம்ருதி.

பூங்கோதை பின்கட்டில் இருந்தாள். இருபத்தேழு வயது, வெட்டிய முடி, விரல் நகங்களில் ஏழு வண்ணம். அப்பா ராணுவத்தில் கிளார்க், சொந்த ஊர் வேலூர்ப் பக்கம், படித்ததெல்லாம் பூசா ரோடு தமிழ்ப் பள்ளியில். இவர்களைப் பார்த்ததும் கையிலிருந்த துணியைப் பைக்குள் திணித்தாள். திணித்த வேகம் ஸ்ம்ருதிக்குப் பிடிக்கவில்லை. துணியில் கறுப்பு. அறை முழுக்கப் பெயிண்ட் கரைக்கும் தின்னர் நெடி.

"என்ன துடைச்சீங்க?" என்றாள் ஸ்ம்ருதி.

"பிரஷ்."

"அரே, இங்க ஒரு பிரஷ்கூட இல்லையே!"

பூங்கோதை பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். ரத்தினவேல் ஒரு கடலையை உடைத்தார்.

"ஏம்மா, நீதான் அடிச்சியா?"

"அடிப்பேன்னு சொன்னேன். சொன்னது உண்மை."

"அடிச்சியான்னு கேட்டேன்."

"நான் இல்லைன்னா விட்டுடுவாங்களா? எல்லாரும் முடிவு பண்ணிட்டாங்க. எழுதிக்கட்டும்." அவள் எதையோ மறைக்கிறாள், அதைக் கண்டுபிடிக்க மோப்ப நாய் தேவையில்லை. கேஸ் முடிந்தது, மாலைக்குள் பீட்ஸா சாப்பிடலாம் என்று ஸ்ம்ருதி மனசுக்குள் ஃபைலை மூடினாள்.

ரத்தினவேல் மேஜையிலிருந்த ஒரு நீலக் கேனை எடுத்து நீட்டினார். "இதுல ஏதாச்சும் ஒண்ணு அடிச்சுக் காட்டும்மா."

அவள் வியப்புடன் வாங்கி, ஒரு காகிதத்தில் சர்ரென்று ஒரு காக்கையை இழுத்தாள். முடித்ததும் யோசிக்காமல் கேனைத் தலைகீழாகக் கவிழ்த்து, குப்பைக்கூடைக்குள் ஒருமுறை அமுக்கினாள். நிறமில்லாத காற்று மட்டும் வரும்வரை அமுக்கிவிட்டு நிமிர்த்தி வைத்தாள்.

"அது எதுக்கு?"

"மூக்கு அடைச்சுக்கும் அங்கிள். முடிச்சதும் கவிழ்த்து ஊதிடணும். இதுகூடத் தெரியாம யார் கேனைத் தொடுவா?"

ரத்தினவேல் ஸ்ம்ருதியைப் பார்த்தார். ஸ்ம்ருதி மூடிய ஃபைலை மறுபடி திறந்தாள். ஆனாலும் ஆத்திரத்தில் வந்தவள் மூக்கையா கவனித்துக்கொண்டிருப்பாள்? காலி கேனை ஊதித்தான் என்ன ஆகப்போகிறது? இது போதாது.

பதில் தெரியாதபோது செய்கிற வேலையை அவள் செய்தாள். வேடிக்கை பார்த்தாள். முன்கூடத்துக்குப் போய்ப் பெரிய புகைப்படத்தின் முன் நின்றாள். சரோஜினி நகர் மார்க்கெட்டில் வளர்ந்த பெண்ணுக்கு மனிதர்கள் காலிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். பால்காரர், ரப்பர் செருப்பு. டியூஷன் டீச்சர், குதிகால் வைத்த சாண்டல், போன வருஷ டிசைன். சமோசாக்காரர், ஒரு கால் வார் அறுந்தது. ராமசுப்ரமணியன், பாலிஷ் போட்ட கறுப்பு ஷூ. அனந்தலக்ஷ்மி, வெறுங்கால். அதற்கப்புறம் பள்ளிக்கூட ஷூக்கள், கொல்ஹாப்பூரி, தோல் ஜூத்தி. கடைசியில், ஓரத்தில், சாவிக் கொத்துடன் குந்தியிருக்கும் ஒரு தாடிக்காரர். அவருக்கும் வெறுங்கால்.

"பூங்கோதை! இவங்க ரெண்டு பேருக்கு மட்டும் செருப்பு போட மறந்துட்டீங்களா?"

பூங்கோதை வந்து பக்கத்தில் நின்றாள். குரல் இறங்கியிருந்தது.

"மறக்கலை. என் சுவர்ல செத்தவங்களுக்கு நான் செருப்பு போட மாட்டேன். அவங்க இனிமே எங்கயும் நடக்க வேண்டாம் இல்ல? இங்கயே இருக்கட்டும்னுதான். அது ரஃபீக் பாய். சந்து முனைல சாவி போடறவர். வரையறப்போ உயிரோடதான் இருந்தார், ஹவாய்ச் செருப்பு போட்டிருந்தேன். போன மாசம் இறந்துட்டார். மறுநாளே வந்து செருப்பை அழிச்சேன்."

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"கேட்டவங்களுக்குத் தெரியும். ஒருத்தரைத் தவிர யாரும் கேட்டதில்லை. மாமியோட கால் மட்டும் ஏன் இப்படின்னு ராமசுப்ரமணியன் அங்கிள் ஒருதடவை கேட்டார். சொன்னேன்."

வேர்க்கடலை உடையும் சத்தம் நின்றது. ரத்தினவேல் பொட்டலத்தை மடித்து உள்ளே வைத்தார். அவர் அப்படிச் செய்தால் விடை கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

"செத்தவங்க மேல அடிக்க மாட்டேன்னு ஒரு பழக்கம் உனக்கு. சரி. அப்ப நீ அடிச்சிருந்தா, ரஃபீக் பாயையும் விட்டிருப்ப," என்றார் மெதுவாக. "அந்த மனுசன் மேல முழுசா அப்பிக் கெடக்கு. அடிச்ச ஆளுக்குச் செத்தவங்க எத்தனை பேருன்னு தெரியல. இல்ல, ஒருத்தங்க போனதுதான் அந்த ஆளுக்குக் கணக்கு."

ஸ்ம்ருதி விரல் விட்டு எண்ணினாள். தரையில் விரித்த பேப்பர். உயர வரிசையில் கேன்கள். ஊதாத மூக்கு. கடலைத் தோல்.

"சார்... நம்மளைக் கூப்பிட்டதே அவர்தானே!"

"அதுதாம்மா என்னையும் குழப்புச்சு." ரத்தினவேல் பூங்கோதை பக்கம் திரும்பினார். "அந்தத் துணிய வெளிய எடு. ஹோட்டல்காரன் யானை வாங்கிட்டான், சுவரு வேணாம்னுட்டான். இனி நீ பயந்து மறைக்க ஒண்ணுமில்ல."

பூங்கோதை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சந்தேகப்பட்டதற்கு ஸ்ம்ருதி வெட்கப்பட்டாள், வெட்கத்தை மறைக்கத் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

*

கூட்டத்துக்கு ஆட்கள் வருவதற்கு முன்பே சங்க அறைக்குப் போய்விட்டார்கள். பூங்கோதையை வாசலிலேயே நிற்கச் சொல்லிவிட்டு இருவரும் உள்ளே நுழைந்தார்கள். ராமசுப்ரமணியன் நாற்காலிகளை நேராக்கிக்கொண்டிருந்தார்.

"முடியலைன்னா ஒரு வாரம் தள்ளி..." என்று ஆரம்பித்தார்.

"முடிஞ்சிருச்சு சார். அடிச்சது நீங்க."

நாற்காலியின் முதுகைப் பிடித்த கை அப்படியே நின்றது. மறுப்பார், கத்துவார், ஹிந்தி ஆங்கிலம் இரண்டிலும் மிரட்டுவார் என்று ஸ்ம்ருதி காத்திருந்தாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கார்த்தால ஜன்னலைத் திறந்தா அவதான் தெரிவா," என்றார். "அவளைக் கொண்டு போய் எவனோ ஹோட்டல்ல நிறுத்துவான். குடிக்கிறவாளும் கூத்தடிக்கிறவாளும் பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துப்பா. நேக்குத் தாங்கலே. சுவர் முழுசா இருந்தாத்தான் எடுப்பான்னு காமினி சொன்னா. அதான் மத்ததை அழிச்சேன். அவ மேல கை வரலே."

"பூங்கோதை கூட்டத்துல கத்துனதைக் கேட்டுத்தான் யோசனையே வந்துச்சு?"

அவர் தலையசைத்தார்.

"பழி அது மேல விழும்னு தெரியாதா?"

"விழாதுன்னு நெனச்சேன். என்கொயரின்னு ஒண்ணு வெச்சுட்டா விஷயம் ஆறிடும். ஆபீஸ்ல நான் பார்க்காததா? ஒருத்தரை நியமிக்கணும், அவா அவகாசம் கேப்பா, தள்ளி வெச்சா எல்லாரும் மறந்துடுவா."

"கண்டுபிடிக்காம இருக்கத்தான் எங்களைக் கூப்பிட்டீங்களா!" ஸ்ம்ருதிக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. "சார், அதுக்குக் கமிட்டி போட்டிருக்கணும். நீங்க எங்களைப் போட்டுட்டீங்க."

"போலீஸ் வந்திருந்தா நானே சொல்லியிருப்பேன்," என்றார் அவர்.

"சொல்லியிருப்பீங்களா?" என்றார் ரத்தினவேல்.

அவர் பக்கத்து நாற்காலியை இழுத்து நேராக்கினார். வெளியே நாற்காலி கேட்டு யாரோ குரல் கொடுத்தார்கள். சந்துக்காரர்கள் வரத் தொடங்கிவிட்டார்கள்.

"தெரியலே," என்றார் கடைசியில்.

எழுந்து போய் அவர் செய்ததை ஸ்ம்ருதி பல நாள் மறக்கவில்லை. பால்காரர், டீச்சர், சமோசாக்காரர் எல்லோரும் நின்ற இடத்தில் போய் நின்று, "பூங்கோதை இல்லே, நான்தான் பண்ணினேன்," என்றார். சர்க்கார் தமிழும் இல்லை, சுற்றி வளைப்பும் இல்லை. எல்லோரும் ஒன்றாகப் பேசினார்கள். பால்காரர் பஞ்சாபியில் திட்டினார், டீச்சர் ஏன் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "கேஸ் கொடுக்கறதுன்னா என் பேர்ல கொடுங்கோ," என்று அவர் எல்லாவற்றையும் நின்று வாங்கிக்கொண்டார்.

அப்போதுதான் பூங்கோதை கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். கையில் அந்தத் துணி, இன்னொரு கையில் தின்னர் பாட்டில்.

"கேஸ் வேண்டாம். படம் போகலை," என்றாள். "பான் துப்புவாங்க, போஸ்டர் ஒட்டுவாங்கன்னு ஒவ்வொரு தடவையும் முடிச்சதும் மேலே கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு போட்டிருக்கேன். கறுப்பு அதுக்கு மேலதான் இருக்கு. நேத்து விடியற்காலைலேயே இந்தத் துணியால ஒரு மூலைல நகமளவு துடைச்சுப் பார்த்துட்டேன். சொன்னா ஹோட்டல்காரன் எடுத்துட்டுப் போயிடுவான்னுதான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

தன் பெயர் போனாலும் பரவாயில்லை, சுவர் இருக்கட்டும் என்று அந்தப் பெண் இரண்டு நாள் எல்லார் வசவையும் விழுங்கியிருக்கிறாள். ஸ்ம்ருதி ஏதாவது நையாண்டியாகச் சொல்லப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை.

பூங்கோதை சுவரின் கடைசி ஓரத்துக்குப் போய், துணியை நனைத்து ராமசுப்ரமணியனிடம் நீட்டினாள்.

"இங்கேர்ந்து ஆரம்பிங்க அங்கிள்."

அவர் புரியாமல் கறுப்பைப் பார்த்தார். "இது யாரு?"

"ரஃபீக் பாய். அவருக்கும் செருப்பு கிடையாது."

"சாவி ரஃபீக்கா? அவனுக்கும் செருப்பு..." அவர் குனிந்து கறுப்பைத் தொட்டார். "நேக்குத் தெரியாதே. தினம் ஜன்னல்ல நிக்கறேன். இந்தப் பக்கம் நான் பார்த்ததே இல்லையே."

மாமி சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் நிற்கும்போதெல்லாம் ரஃபீக் பாய்தான் வந்து பூட்டைத் திறந்து கொடுப்பார் என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். காசு வாங்க மாட்டார், டிபன் கேரியரிலிருந்து ஒரு இட்லி வாங்கிக்கொள்வார் என்றார்கள். ராமசுப்ரமணியன் அந்த நேரமெல்லாம் ஆபீசில் இருந்திருப்பார்.

அவர் ஷூவைக் கழற்றினார். குளிர்ந்த தரையில் குந்தி உட்கார்ந்து துணியை அழுத்தித் தேய்த்தார். கறுப்பு கரைந்து வழிந்து சந்துத் தரையில் சொட்டியது. அவர் பேப்பர் தேடவில்லை. முதலில் ஒரு பெருவிரல் தெரிந்தது, பிறகு வெடித்த குதிகால். துணைச் செயலராக இருந்த மனிதர் ரஃபீக்கின் இரண்டு பாதங்களையும் கையால் பிடித்துத் துடைத்துக்கொண்டே இருந்தார்.